இல்லை என்று நான் சொன்ன பிள்ளை

தம்பி,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் பொய் சொல்லிவிட்டேன். "அப்பா, நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் இந்த மாதிரி பிள்ளை பொறந்திருக்கா? டாக்டர் கேட்டாங்க, எழுதணுமாம்" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லப்பா, யாருக்கும் இல்ல" என்றேன். நீ "சரிப்பா" என்று சொல்லி, ஷர்மியின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்னென்ன கோளாறு என்று டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாய். குரோமோசோம் என்றாய், இதயம் என்றாய், பிறந்தாலும் சில நாள்தான் என்றாய். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம் என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ஊரு லூனாஸ்ல யாராச்சும் கேட்டா, பிள்ளை போயிடுச்சுன்னு சொல்லிருங்கப்பா. ஷர்மிய யாரும் போன் போட்டு நச்சரிக்க வேணாம்" என்றாய். போனை வைத்தபின் அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் நாற்றம். ஒருத்தனுக்குச் சமைக்கவே எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. நீ வாங்கிக் கொடுத்த மின்சாரச் சட்டி பெட்டியிலேயே இருக்கிறது, அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

போனில் சொல்ல எனக்கு வராது. நான் ஏதாவது முக்கியமாகப் பேச ஆரம்பித்தால் "அப்பா, லைன் சரியில்லையா?" என்பாய். அதனால் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஷர்மியும் படிக்கட்டும்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது உன் அம்மா இரண்டாவது முறை உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே இருந்த மலாய்க்கார லேடி டாக்டர் சின்ன வயசுப் பெண். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குச் சிறுநீரகம் இரண்டுமே உருவாகவில்லை, அதனால் வயிற்றுக்குள் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாததால் நுரையீரல் வளராது, பிறந்தால் அதிக நேரம் மூச்சு விட முடியாது என்று அவர் பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகப் பொறுமையாக விளக்கினார். இப்போதே முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு அந்த வழிதான் சரி என்று பட்டது. வேறு யாராவது அப்படி முடிவெடுத்தால் நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன், அந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் பிள்ளை பெண்தான் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இப்ப அவளுக்கு எங்கயாச்சும் வலிக்குதான்னு கேளுங்க" என்றாள். நான் கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டி, "தக் சாகிட், பூவான்" என்றார். வலி இல்லையாம். வயிற்றுக்குள் இருக்கும்வரை தாயின் உடம்பே பிள்ளைக்கு எல்லாம் செய்துவிடுமாம். "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உன் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டுத் தீர்மானம். அவள் எடுத்தாள், நான் கூட நடந்து வந்தேன்.

கூட நடப்பது பெரிய காரியம் என்று அப்போது நினைத்திருந்தேன். அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. அப்போது நான் கையுறைக் கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை ஒருமுறை குடும்ப தினத்துக்கு அங்கே அழைத்துப் போனேன், நினைவிருக்கும். சங்கிலியில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் பீங்கான் அச்சுக் கைகள் விரலைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு, ரப்பர் பாலில் முங்கி முங்கி எழுந்து போகும். நீ பயந்து அழுதாய். அந்தக் கைகளைத்தான் நான் இருபத்தாறு வருஷம் பார்த்தேன். வேலையாட்கள் நல்லவர்கள். அதுதான் தொல்லை. தினமும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர், "அண்ணே, எத்தனாவது மாசம்? இந்த வாட்டி பொண்ணா லா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன். ஆறாம் மாதத்தில் ஒருநாள் காலையில் கார்டு அடித்துவிட்டு உள்ளே போகும்போது சூப்பர்வைசர், "வீட்ல சுகமா? பிள்ளை எப்படி?" என்று கேட்டார். "போயிடுச்சு சார்" என்றேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை, தம்பி. வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் அவர் என் தோளில் கை வைத்தார். மூன்று நாள் லீவு கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். வெளியே வந்து மோட்டார்சைக்கிளை எடுத்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. அதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அந்த மூன்று நாளும் நான் வீட்டிலும் இருக்கவில்லை. உன் அம்மாவிடம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி, அவள் கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு மெர்போக் ஆற்றுப் பக்கம் போய்த் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மீன்கூடப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் கம்பெனியில் மீன் கொடுத்தார்கள் என்றா சொல்லியிருக்க முடியும்?

நம் பக்கத்து வீட்டுக் கமலா பெரியம்மாவின் கணவரும் அதே கம்பெனிதான். இதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பெரியம்மாவும் இன்னும் நாலு பெண்களும் ஒரு மைலோ டின்னும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்கள். உன் அம்மா ஆறு மாத வயிற்றோடு போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டதாம். "என்னக்கா, என்ன விசேஷம்?" என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். கடைசியில் பெரியம்மாதான், "உன் வீட்டுக்காரரு கம்பெனில சொன்னாராம்மா… பிள்ளை தவறிடுச்சுன்னு" என்று இழுத்திருக்கிறார். உன் அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, "இல்லக்கா. இருக்கா. தொட்டுப் பாருங்க" என்றாளாம். மற்ற நாலு பேரும் மைலோ டின்னை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஆற்றிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அந்த டின் மேசைமேல் இருந்தது. உன் அம்மா சண்டை போடுவாள் என்று பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நீங்க சொன்னது யாருக்காகன்னு எனக்குத் தெரியும். அவளுக்காக இல்ல, எனக்காகவும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு நம் வரிசை வீடுகளில் யாரும் அவளிடம் நின்று பேசவில்லை. கெட்ட மனசு ஒன்றும் இல்லை. துக்கம் விசாரித்துவிட்ட பிள்ளையைப் பற்றி அப்புறம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவின் கணவரும் கம்பெனியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோயிலுக்குப் போனால் விலகி இடம் விட்டார்கள். சந்தையில் பார்த்தால் குனிந்து காய்கறியைப் பொறுக்கினார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சுமந்துகொண்டு உன் அம்மா மூன்று மாதம் அப்படித் தனியாக நடந்தாள். அந்தத் தனிமையைப் பிள்ளையின் வியாதி கொண்டுவரவில்லை, நான் கொண்டுவந்தேன்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் அவள் வளைகாப்பு போடவேண்டும் என்றாள். முதல் பிள்ளைக்குத்தான் போடுவது நம் வழக்கம். ஆனால் உன்னைச் சுமந்தபோது சரியாக அந்த மாதத்தில் என் அப்பா இறந்து வீடு தீட்டில் கிடந்தது, "அடுத்ததுக்குப் போட்டுக்கலாம்" என்று சொன்னவன் நானேதான். அதை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். நான் எரிந்து விழுந்தேன். "யாரு வருவா? போயிடுச்சுன்னு சொன்ன பிள்ளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அழைக்கிறது?" என்றேன். அவள் உன் சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, "இவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, சடங்கு கிடையாது, கல்யாணம் கிடையாது. இவ வாழறதே இங்கதான். செய்யறதா இருந்தா இப்பத்தான் செய்யணும்" என்றாள். நான் டெலிவிஷனைப் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அவள் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்புமாக. பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணிக்குப் போய் வாங்கிப் போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. பாத்திரம் கழுவினாலும் சத்தம், உன்னைத் தூக்கினாலும் சத்தம். "கழட்டித் தொலையேன், தலைவலிக்குது" என்று ஒருநாள் சொன்னேன். "உங்களுக்காகப் போடல, அவ கேக்கறா" என்றாள். அவள் கையை ஆட்டினால் பிள்ளை உள்ளே லேசாகப் புரளுமாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். ஒரே ஒரு தடவை தொட்டிருக்கலாம், தம்பி. இத்தனை வருஷத்தில் அதை நினைக்காத நாள் குறைவு.

ஒன்பதாம் மாதம் ஆரம்பத்தில் ஒருநாள் விடிகாலையில் வலி வந்தது. நான் போய்க் கமலா பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்காமல் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, உன்னைத் தன் மகளிடம் விட்டுவிட்டு, உன் அம்மாவோடு டாக்சியில் ஏறினார். நான் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். "என்ன வேணும்?" என்றார். என்னவென்று சொல்வது? என் பிள்ளை மூன்று மாதத்துக்கு முன்பே செத்துவிட்டது, இன்றைக்குப் பிறக்கப்போகிறது என்றா? துக்க லீவை எடுத்துத் தூண்டில் போட்டுத் தீர்த்தவன் எந்த வாயால் மறுபடி கேட்பான்? "மூணாவது லைன்ல சங்கிலி சத்தம் போடுது சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மெஷின் முன்னால் நின்றேன். அந்த வெள்ளைக் கைகள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்வரை நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் பத்து மணிக்குப் பிறந்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் உன் அம்மாவின் நெஞ்சிலேயே கிடந்திருக்கிறாள். அழவில்லையாம். உன் அம்மா வளையலை ஆட்டிக் காட்டியபோது ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்ததாகப் பெரியம்மா சொன்னார். மிஸி, அந்த வார்டு நர்ஸ், வந்து ஏட்டில் எழுத, "நாமா சியாப்பா?" என்று பெயர் கேட்டாளாம். உன் அம்மா தயங்காமல் சொல்லியிருக்கிறாள். பெயர் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிரசவம் பார்த்தவருக்கு வளையலைக் கழற்றிக் கொடுப்பது வழக்கம் என்று, அத்தனை வளையலையும் அந்த மலாய்க்கார மிஸிக்கே கொடுத்துவிட்டாள். நான் உள்ளே போனபோது உன் அம்மாவின் கை வெறுமையாக இருந்தது. "பாருங்க, தம்பி மூக்கு" என்று துணியை விலக்கிக் காட்டினாள். ஆமாம், உன் மூக்குத்தான்.

அடக்கம் செய்யவும் நான் யாரையும் அழைக்கவில்லை. எப்படி அழைப்பேன்? நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து இடுகாட்டில், குழி வெட்டுகிற ஆளும் நானும் மட்டும். என் கையில் கனமே இல்லை. இப்போது அந்த இடத்தில் செம்பனை வளர்ந்துவிட்டது. படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உன் அம்மா சொல்ல நினைத்தாள், "அவன் சின்னப் பையன், எதுக்கு" என்று தடுத்தேன். நீ பெரியவனானதும் "இப்ப எதுக்கு" என்றேன்.

உன் கல்யாணத்துக்கு வளையல் வாங்க நாங்கள் சுங்கைப்பட்டாணிக்குப் போனோம் அல்லவா, அந்தக் கடையில் நடந்ததைச் சொல்லவேண்டும். அது ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துக் கடை. கல்லாவில் முக்காடு போட்ட வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். உன் அம்மாவையே உற்றுப் பார்த்தார். "ஏழு மாசத்துல தனியா வந்த பொண்ணுதானே நீ?" என்றார். உன் அம்மா சிரித்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் வூட்டுக்காரரு கடைக்கு வந்து எத்தனை பொண்ணுங்க வளையல் வாங்கியிருக்கு. ஆனா வளைகாப்புக்குத் தனியா வந்த பொண்ணு இவ ஒருத்திதான். கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு கேட்டா, எல்லாருக்கும் வேலைங்குறா. எனக்கு மனசு கேக்கல. மாடியில இருந்து நானே எறங்கி வந்து, சந்தனம் தடவி, ஒவ்வொண்ணா போட்டு விட்டேன்." அப்புறம் உன் அம்மாவிடம், "பிள்ளை நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். உன் அம்மா, "இருந்தாம்மா" என்றாள். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து உன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் செய்யவேண்டிய வேலையை முன்பின் தெரியாத ஒருவர் செய்திருக்கிறார் என்று எனக்கு அந்தக் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது. வரும் வழியில் காரில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சிக்னல் விழுந்துடுச்சு, பாத்து ஓட்டுங்க" என்றாள் உன் அம்மா. அடுத்த வருஷம் அவளும் போய்விட்டாள். நான் கேட்காமலே போச்சு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டாக்டரிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லி எழுதியதை மாற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது, இங்கே யாரிடமும் பிள்ளை போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலையை ஒரு தடவை செய்தது போதும். கேட்பவர்களிடம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அதிக நாள் இருக்காது, ஆனால் இப்போது இருக்கிறது என்று சொல்வேன். நச்சரிப்பவர்கள் நச்சரிக்கட்டும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் இங்கே வேறு வேலை ஒன்றும் இல்லை. நீயும் உன் ஆபீசில் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், நாளைக்கே போய்த் திருத்து. வெட்கமாக இருக்கும், ஒரு பத்து நிமிஷம். அதைத் தள்ளிப்போட்டால் எவ்வளவு நாளாகும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். ஷர்மி வயிற்றைத் தொடச் சொன்னால் கையிலிருக்கும் போனை வைத்துவிட்டுத் தொடு. லீவைச் சேர்த்து வை. படம் எடு, பார்க்கத் தைரியம் வரும்போது பார்க்கலாம்.

அடுத்த மாதம் ஷர்மிக்கு ஏழாம் மாதம். மண்டபத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னாய், சரி, மண்டபம் வேண்டாம். நான் அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கல்லாவில் இப்போது மகன் இருக்கிறார். பச்சையும் சிவப்பும் எடுத்து, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஷர்மியின் அம்மா போடட்டும், உங்கள் மாடியில் இருக்கும் சீனத்தி அக்காவும் வந்தால் போடட்டும். மனைவியை இழந்தவன் இந்த மாதிரிக் காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ஷர்மிக்குச் சம்மதம் என்றால் நானும் ஒன்று போடுவேன். அவளிடம் கேட்டுவை, கட்டாயம் இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். பெயரை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். வாய்விட்டு இதுவரை நான் சொன்னதில்லை, எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

நம் குடும்பத்தில் இருந்தாள், தம்பி. ஒருத்தி. உன் தங்கை. பெயர் தேவிகா. பத்து மணிக்குப் பிறந்தாள், பன்னிரண்டேகால் வரை இருந்தாள். அம்மா கூட இருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

நீ போகாதே.

அப்பா